பட்டியலில் லொகின் எங்கே?

இரவு பஸ்ஸுக்கு சீட் விற்கிற ஒரு செயலி. யாழ்ப்பாணம், வவுனியா போகிறவர்கள் போனிலேயே சீட் பிடித்துவிட்டு வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ ஏறிக்கொள்வார்கள். பின்னால் ஓடுவது ஜாவா 8, அதன் மேல் வெப் செயலி எழுதப் பாவிக்கிற ஃப்ரேம்வேர்க்கான ஸ்பிரிங் பூட் 2.7. அதற்குள்ளேயே ஜெர்சி என்ற வேறு ஃப்ரேம்வேர்க்கில் எழுதிய பழைய பகுதி ஒன்றும் குடியிருக்கிறது. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். நான் அங்கே மூன்று மாத ஒப்பந்தத்தில் போனவன், காலி வீதியைப் பார்த்த மூன்றாம் மாடியில் ஒரு மூலை மேசை கொடுத்திருந்தார்கள்.

போய் இரண்டாவது கிழமை, வெளியிலிருந்து ஒரு பாதுகாப்புச் சோதனைக் குழு வந்தது. அவர்கள் முதலில் கேட்டது பாஸ்வேர்டையோ சோர்ஸையோ இல்லை. "உங்கள் செயலி பதில் சொல்கிற எல்லாப் பாதைகளும், ஒவ்வொன்றுக்கும் எந்த எச்டிடிபி மெதட், யார் கூப்பிடலாம் என்ற விபரமும் தாருங்கள்" என்றார்கள். மெதட் என்றால் கோரிக்கையின் வகை, எடுக்க கெட், அனுப்ப போஸ்ட் என்பது போல. நியாயமான கேள்வி. மென்பொருள் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பின் 2023ஆம் ஆண்டு ஏபிஐ (வெளி நிரல்கள் செயலியைக் கூப்பிடுகிற வாசல்) பாதுகாப்பு அபாயப் பட்டியலில் ஒன்பதாவது இடத்தில் இருப்பதே இதுதான்: தன்னிடம் என்னென்ன ஏபிஐ இருக்கிறது என்று தனக்கே தெரியாமல் இருப்பது.

எங்கள் லீட் அக்கா உடனே ஒரு எக்செல் ஷீட்டை அனுப்பிவிட்டார். 64 வரிகள். ஷீட்டைத் தொடங்கிவைத்தவர் 2022இல் மின்வெட்டும் பெட்ரோல் வரிசையுமாக இருந்த காலத்தில் அவுஸ்திரேலியா போய்விட்டார். அவருக்குப் பிறகு யாருக்கு ஞாபகம் வருகிறதோ அவர் ஒரு வரி சேர்ப்பதுதான் வழக்கம்.

அன்று பின்னேரம் வேறு ஒரு காரணத்துக்காக செயலியை ஓட்டுகிற வெப் சேவரான டொம்கெட்டின் அக்சஸ் லொக்கை, அதாவது வந்த கோரிக்கைகளின் பதிவை, திறந்தேன். பக்கத்தில் இருந்த தம்பி, வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான், ஒரு வரியில் விரலை வைத்தான்.

"அண்ணா, இது எங்கட ஷீட்டில இல்லையே."

கெட், /ஏபிஐ/எக்ஸ்போர்ட்/பசெஞ்சர்ஸ், பதில் 200. பாதையின் பெயரைப் பார்த்தாலே தெரியும், பயணிகளின் விபரத்தை மொத்தமாக இறக்குகிற எண்ட்பொயின்ட் (செயலி பதில் சொல்கிற ஒரு முகவரி). அப்படி ஒன்றில்லை என்கிற 404 வந்திருந்தால் யாரோ ரோபோ தட்டிப் பார்த்திருக்கிறது என்று விட்டிருப்பேன். 200 என்றால் உள்ளே ஒரு கோட் ஓடியிருக்கிறது.

கோடில் தேடிப் பார்த்தோம்

தம்பி முதலில் செய்தது எல்லாரும் செய்வதுதான். கோட் முழுதும் இருக்கிற ரிப்போவுக்குள் "மேப்பிங்" என்று கிரெப் அடித்தான். நூற்றுக்கு மேல் வரிகள் வந்தன. ஆனால் அந்தப் பாதை முழுமையாக எங்கேயும் இல்லை.

இருக்கவும் முடியாது. ஸ்பிரிங்கில் ஒரு பாதை ஒரே இடத்தில் எழுதப்படுவதில்லை. கிளாஸின் தலையில் ஒரு துண்டு, மெதட்டின் (இங்கே கிளாஸுக்குள் இருக்கும் ஜாவா மெதட், எச்டிடிபி மெதட் இல்லை) தலையில் இன்னொரு துண்டு. எங்கள் ஆட்கள் முன்துண்டை ஒரு மாறிலியாக வேறு கோப்பில் வைத்திருந்தார்கள். சில இடங்களில் டொலர் அடையாளமும் நெளிவு அடைப்புமாக எழுதி, உண்மைப் பெயரை புரொப்பர்ட்டிஸ் கோப்பிலிருந்து எடுத்திருந்தார்கள். இன்னும் சில கன்ட்ரோலர்களில், அதாவது கோரிக்கைக்குப் பதில் சொல்கிற கிளாஸ்களில், பாதையைச் சொல்கிற அனொட்டேஷன் குறிப்பே கிடையாது, அது மேலே இன்டர்ஃபேஸில் இருந்தது. எஸ்எம்எஸ் அனுப்புகிற ஜார் (கட்டி முடித்த ஜாவா நூலகம்) தன் பங்குக்கு ஆறு பாதைகளைக் கொண்டுவருகிறது, அதன் சோர்ஸ் எங்கள் ரிப்போவிலேயே இல்லை. இத்தனை துண்டுகளையும் ஒட்டுவது செயலி எழும்பும்போதுதான். ஆகவே ஒட்டிய பிறகு அதனிடமே கேட்க வேண்டும்.

ஒரு காலத்தில் இதைக் கேட்கவே தேவையிருக்கவில்லை. பழைய ஸ்பிரிங் பூட் ஸ்டார்ட் ஆகும்போது "இந்தப் பாதை இந்த மெதட்டுக்கு மேப் ஆனது" என்று வரிவரியாக இன்ஃபோ மட்டத்தில் கொட்டும். 2018இல் வந்த ஸ்பிரிங் 5.1 அந்த வரிகளை, கேட்டால் மட்டும் காட்டுகிற ட்ரேஸ் மட்டத்துக்குத் தள்ளிவிட்டது. லொக் சுத்தமானது, சரி. ஆனால் தற்செயலாகக் கண்ணில் படுகிற ஒரு பட்டியலும் அதோடு போய்விட்டது.

ஸ்பிரிங்கிடம் கேட்டோம்

ஸ்பிரிங் எம்விசியில் ரிக்வெஸ்ட்மேப்பிங்ஹேண்ட்லர்மேப்பிங் என்று ஒரு பீன் (ஸ்பிரிங் உருவாக்கி வைத்திருக்கும் பொருள்) இருக்கிறது. 3.1 பதிப்பிலிருந்து இருக்கிறது. வருகிற ஒவ்வொரு கோரிக்கையையும் எந்த கன்ட்ரோலரின் எந்த மெதட்டிடம் கொடுப்பது என்று தீர்மானிப்பது இதுதான். அதன் கெட்ஹேண்ட்லர்மெதட்ஸ் என்ற மெதட்டைக் கூப்பிட்டால் முழு மேப்பும் கைக்கு வரும்: ஒரு பக்கம் பாதை, மெதட், ஏற்கிற உள்ளடக்க வகை எல்லாம் அடங்கிய ரிக்வெஸ்ட்மேப்பிங்இன்ஃபோ, மறுபக்கம் ஹேண்ட்லர்மெதட். செயலி கோரிக்கைகளைப் பிரிக்கப் பாவிக்கிற அதே அட்டவணை என்பதால் இது பொய் சொல்லாது. குறைவாகச் சொல்லலாம், அது பிறகு.

எழுத உட்கார்ந்தபோதுதான் தம்பி இன்னொன்றைக் கண்டுபிடித்தான். ரிப்போவில் இதே வேலைக்கென ஒரு கிளாஸ் ஏற்கெனவே இருந்தது! கொம்பொனன்ட் அனொட்டேஷனைக் கொமென்ட் செய்து, பக்கத்தில் "அப்கிரேட்டுக்குப் பிறகு நல்பொயின்டர் வருகிறது, தற்காலிகமாக நிறுத்தம்" என்று எழுதியிருந்தார்கள். கிட் வரலாற்றைப் பார்த்தால், பூட் 2.5இலிருந்து 2.7க்கு மாற்றிய அதே நாள். எக்செல் ஷீட்டின் முதல் வடிவம் இந்தக் கிளாஸ் கக்கியதுதான். அது நின்ற நாளிலிருந்துதான் கையால் வரி சேர்ப்பது தொடங்கியிருக்கிறது.

அந்த நல்பொயின்டர், அதாவது நல் என்ற வெற்று மதிப்பைத் தொட்டால் வரும் பிழை, வந்த விதம் இது. பழைய கோட், ரிக்வெஸ்ட்மேப்பிங்இன்ஃபோவிடம் கெட்பேட்டர்ன்ஸ்கண்டிஷன் என்று கேட்டு அதிலிருந்து பாதைகளை எடுத்தது. 2021 நவம்பரில் வந்த பூட் 2.6, பாதை பொருத்துகிற இயல்பு முறையை ஆன்ட்பாத்மெச்சரிலிருந்து பாத்பேட்டர்ன்பார்சருக்கு மாற்றியது. புதிய முறையில் பாதைகள் வேறு ஒரு கண்டிஷனில் போய் உட்காருகின்றன, பழைய கண்டிஷனைக் கேட்டால் நல்தான் திரும்புகிறது. ஏபிஐ ஆவணம் தயாரிக்கிற ஸ்பிரிங்ஃபொக்ஸ் பாவித்த எத்தனையோ செயலிகள் அந்தப் பதிப்பில் எழும்பாமல் விழுந்ததும் இதனால்தான். அப்போது பலரும் செய்த வைத்தியம், கொன்ஃபிக்கில் ஒரு வரி போட்டு பழைய மெச்சரையே திரும்பக் கொண்டுவந்தது. எங்களுக்கு அது தேவைப்படவில்லை. ஸ்பிரிங் 5.3இலிருந்து கெட்பேட்டர்ன்வெல்யூஸ் என்று ஒரு மெதட் இருக்கிறது, எந்த முறை ஓடினாலும் பாதைகளைச் சரங்களாகவே தரும். ஒரு வரி மாற்றம். அந்த ஒரு வரி இல்லாததால் ஷீட் இத்தனை காலம் செத்துக் கிடந்தது.

பீனை வகை சொல்லிக் கேட்டபோது இரண்டு வந்தன, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆக்சுவேட்டர் (ஓடுகிற செயலியைக் கண்காணிக்க பூட் தரும் பகுதி) சேர்த்த செயலியில் கன்ட்ரோலர்எண்ட்பொயின்ட்ஹேண்ட்லர்மேப்பிங் என்று அதே வகையில் இன்னொன்று இருக்கும். நாங்கள் பீனின் பெயரைச் சொல்லியே எடுத்தோம்.

83 வரிகள் வந்தன. ஷீட்டிலிருந்த 64இல் 59 இதில் இருந்தன, மற்ற ஐந்தும் எப்போதோ அழிக்கப்பட்டவை. ஷீட்டில் இல்லாமல் செயலியில் இருந்தவை 24. அதில் இரண்டு பூட்டே வைத்திருக்கும் /எரர் வரிகள், ஒன்று எச்டிஎம்எல்லுக்கு, ஒன்று மற்றவற்றுக்கு. மிச்சம் 22 எங்களுடையவை.

வெறுமையாக இருந்த ஒரு கட்டம்

22இல் பெரும்பாலானவை சாதாரண ரிப்போர்ட் பாதைகள். இரண்டு இடங்களில்தான் நிற்க வேண்டியிருந்தது.

முதலாவது, நாங்கள் தேடி வந்த எக்ஸ்போர்ட். பட்டியலில் அதன் மெதட் கட்டம் வெறுமையாக இருந்தது. தம்பி அதை "மெதட் ஒன்றும் இல்லை" என்று வாசித்தான். நான் ஷீட்டை வேகமாக உருட்டியிருந்தால் நானும் அப்படித்தான் வாசித்திருப்பேன். ஸ்பிரிங்கில் அதன் அர்த்தம் நேர் எதிர். ரிக்வெஸ்ட்மேப்பிங் என்று மட்டும் எழுதி மெதட் சொல்லாமல் விட்டால், அந்தத் தொகுதி காலியாக இருக்கும், காலி என்றால் எல்லா மெதட்டுக்கும் சம்மதம்.

இப்போது பாதுகாப்புக் கொன்ஃபிக்கைப் பாருங்கள். அதில் இருந்த விதி: /ஏபிஐ/எக்ஸ்போர்ட் பக்கம் வருகிற போஸ்ட் கோரிக்கைக்கு அட்மின் ரோல் வேண்டும். அதற்குக் கீழே பொது விதி: /ஏபிஐ பக்கம் வருகிற மற்ற எதற்கும் லொகின் செய்திருந்தால் போதும். எழுதியவர் மனதில் எக்ஸ்போர்ட் என்றால் போஸ்ட்தான், அட்மின் பக்கத்தில் இருந்த ஃபோம் போஸ்ட்தான் அனுப்பியது. ஆனால் கன்ட்ரோலர் கெட்டையும் ஏற்றது. திகதியை ரிக்வெஸ்ட்பராம் என்று எடுத்திருந்தார்கள், அது ஃபோமில் வந்தாலும் சரி, யூஆர்எல்லில் கேள்விக்குறிக்குப் பின்னால் வந்தாலும் சரி, ஒன்றுதான். ஆகவே சீட் பிடிக்கக் கணக்குத் திறந்த எந்தப் பயணியும் பிரவுசரில் அந்த முகவரியை அடித்தால், அந்த நாள் பஸ்ஸில் போன எல்லாருடைய பெயர், போன் இலக்கம், அடையாள அட்டை இலக்கம் எல்லாம் ஒரு கோப்பாக இறங்கும்.

என் சொந்த டெஸ்ட் கணக்கில் போட்டுப் பார்த்தேன். இறங்கியது. அக்கா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், "ஐயோ, மூடு மூடு" என்றார், கோப்பையா பாதையையா என்று தெரியவில்லை. இரண்டையும் மூடினோம். கன்ட்ரோலரை போஸ்ட்மேப்பிங் ஆக்கி, விதியிலிருந்து மெதட்டை எடுத்துவிட்டோம், எக்ஸ்போர்ட் என்றால் எந்த வழியாக வந்தாலும் அட்மின்தான்.

லொக்கில் நாங்கள் கண்ட அந்த கெட், கந்தோரின் சொந்த ஐபியிலிருந்து வந்தது. கணக்குப் பிரிவில் ஒருவர் முகவரியை புக்மார்க் செய்து வைத்திருந்தார். வெளியார் யாரும் வந்ததாக லொக்கில் இல்லை, ஆனால் எங்களிடம் இருந்தது 30 நாள் லொக் மட்டும்தான். தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் வந்திருக்கிற நாட்டில் இதை டெவலப்பர்கள் மட்டும் தங்களுக்குள் வைத்துக்கொள்ள முடியாது. அக்கா அன்றே எழுத்தில் மேலிடத்துக்கு அனுப்பினார். அதற்குப் பிறகு அங்கே என்ன கதைத்தார்கள் என்பது என் கதை இல்லை.

இரண்டாவது இடம், /ஏபிஐ/சீட்டேட்டா என்று தொடங்கும் மூன்று பாதைகள். பஸ் சீட் இல்லை, விதை என்கிற சீட். சோதனைக்காகப் பொய் பயணங்களை உருவாக்குகிற கன்ட்ரோலர். அதன் தலையில் "புரொட் இல்லாத புரொஃபைலில் மட்டும்" என்று தெளிவாகப் போட்டிருந்தார்கள். சேவரில் செட் பண்ணியிருந்த புரொஃபைலின், அதாவது எந்தச் சூழல் என்று சொல்லும் அமைப்பின், பெயரோ "புரொடக்ஷன்", "புரொட்" இல்லை. கோடை வாசிக்கிற எவரும் இது நிஜச் சேவரில் இருக்காது என்றுதான் சொல்வார்கள், ரிவியூவில் சொல்லியும் இருந்தார்கள். ஓடுகிற செயலியின் பட்டியல்தான் இருக்கிறது என்றது.

சோதனைக்காரர் கேட்ட கேள்வி

திருத்திய பட்டியலை அனுப்பி சூமில் உட்கார்ந்தோம். அவர்களில் ஒருவர் கொஞ்ச நேரம் உருட்டிவிட்டுக் கேட்டார்: "இதில லொகின் எங்க?"

இல்லை. நாளுக்கு அதிகம் தட்டப்படுகிற பாதை பட்டியலிலேயே இல்லை. காரணம் எளிது. /லொகினுக்கு வருகிற போஸ்ட்டை ஸ்பிரிங் செக்யூரிட்டியின் ஃபில்டர் ஒன்று முன்னாலேயே பிடித்துப் பதில் சொல்லிவிடுகிறது. லொகவுட்டும் அப்படியே. கோரிக்கை கன்ட்ரோலர்கள் பக்கம் வந்து சேர்வதே இல்லை, ஆகவே ஹேண்ட்லர்மேப்பிங்குக்கு அதைப் பற்றித் தெரியாது. அது தனக்குக் கீழே இருப்பதைத்தான் சொல்லும். பஸ்ஸில் கொண்டக்டரிடம் போய் ஸ்டாண்டில் எத்தனை பஸ் நிற்கிறது என்று கேட்டது போலத்தான் ஆகிவிட்டது.

ஆகவே ஒரு படி மேலே போனோம். ஜாவாவில் வெப் கோரிக்கைகளைக் கையாளும் அடித்தளத் தரநிலையான சேவ்லெட் 3.0இலிருந்து, அதாவது 2009இல் வந்த ஜாவா ஈஈ 6 காலத்திலிருந்து, சேவ்லெட்கொன்டெக்ஸ்டிடம் கெட்சேவ்லெட்ரெஜிஸ்ட்ரேஷன்ஸ், கெட்ஃபில்டர்ரெஜிஸ்ட்ரேஷன்ஸ் என்று கேட்கலாம். எந்த ஃப்ரேம்வேர்க் என்றாலும் கடைசியில் இதன் மேல்தான் நிற்கிறது, அதனால் ஸ்பிரிங் இல்லாத செயலியிலும் இது வேலை செய்யும். கிடைத்தது சில வரிகள்தான்: டிஸ்பாச்சர்சேவ்லெட்டுக்கு வெறும் சாய்கோடு, ஜெர்சிக்கு /லெகசி/ நட்சத்திரம், செக்யூரிட்டி ஃபில்டருக்கு எல்லாமும். எங்கே பார்க்க வேண்டும் என்பதை இது காட்டும். நட்சத்திரத்துக்குள் என்ன இருக்கிறது என்பதை அந்தந்த ஃப்ரேம்வேர்க்கிடம்தான் கேட்க வேண்டும்.

ஆக்சுவேட்டரின் மேப்பிங்ஸ் எண்ட்பொயின்ட்டை ஏன் முதலிலேயே பாவிக்கவில்லை என்று கேட்பீர்கள். பாவித்தோம், டெவ் சேவரில். டிஸ்பாச்சர்சேவ்லெட்டின் மேப்பிங்குகள், சேவ்லெட்கள், ஃபில்டர்கள் மூன்றையும் ஒரே ஜேசனாகத் தருகிறது, நேரம் இல்லாதவர்கள் அங்கேயே தொடங்கலாம். ஆனால் அதிலும் ஜெர்சி ஒரே ஒரு வரிதான். நிஜச் சேவரில் அதைத் திறந்து வைப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. பூட் தானாகவே அதை வெப்பில் காட்டாமல் மறைத்து வைத்திருக்கிறது, அதற்குக் காரணம் இருக்கிறது.

ஜெர்சி

இதில்தான் இரண்டு நாள் போனது. ஜெர்சி பின்பற்றுகிற ஜேஎக்ஸ்ஆர்எஸ் தரநிலையில் "உன் பாதைகளைச் சொல்" என்று கேட்க ஒரு பொதுவான வழி கிடையாது. ஜெர்சிக்கென்று ஒரு வழி உண்டு: அப்ளிகேஷன்ஈவென்ட்லிஸனர் ஒன்றை எழுதிப் பதிந்துவிட்டால், தயாராகி முடிந்ததும் அதைக் கூப்பிடும், அப்போது ரிசோர்ஸ்மொடலைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு ரிசோர்ஸாக இறங்கி, பிள்ளை ரிசோர்ஸ்களுக்கும் இறங்கி மெதட்களை எடுக்கலாம்.

எழுதினோம், பதிந்தோம், செயலியை எழுப்பினோம், ஒன்றும் வரவில்லை. பிறேக்பொயின்ட் வைத்தோம், நிற்கவில்லை. பிளேன்டீ குடித்துவிட்டு வந்து தம்பி சும்மா ஒரு பழைய பாதையை கேர்ல் பண்ணினான் (கட்டளை வரியிலிருந்து கோரிக்கை அனுப்பும் கருவி அது), பட்டியல் முழுதும் லொக்கில் வந்து விழுந்தது! ஸ்பிரிங் பூட்டில் ஜெர்சி சேவ்லெட்டின் லோட்ஒன்ஸ்டார்டப் இயல்பாகவே மைனஸ் ஒன்று. முதல் கோரிக்கை வரும்வரை அது எழும்பாது. புரொப்பர்ட்டிஸில் ஒன்று என்று மாற்றினோம், பிறகு ஒழுங்காக வந்தது.

வந்த 19 வரிகளில் ஒன்றின் மெதட் நல். முன்பு பார்த்த வெறுமையிலிருந்து இது வேறு. இது சப்ரிசோர்ஸ் லொகேட்டர்: பாதை இருக்கும், கெட் போஸ்ட் எதுவும் இருக்காது, கோரிக்கை வந்த பிறகுதான் மெதட் ஓடி ஒரு பொருளைத் திருப்பித் தரும், மிச்சப் பாதையை அந்தப் பொருளிடம் கேட்க வேண்டும். என்ன பொருள் வரும் என்பது கோரிக்கையைப் பொறுத்தது. ஆகவே எந்தப் பட்டியலும் அந்த இடத்தில் நின்றுவிடும்.

மிச்சப் பதினெட்டு வரிகள் எங்களுக்கு இரண்டு நாள் எடுத்தன. சோதனைக்காரர்களுக்கு ஒரு நிமிடம்கூட எடுத்திருக்காது. ஜாவா 8இல் எக்ஸ்எம்எல் எழுத உதவும் ஜேஎக்ஸ்பி கூடவே வருவதால் ஜெர்சி தன் பாதைகளை விவரிக்கிற வாடல் கோப்பைத் தானாகவே தயாரித்து, /லெகசி/அப்ளிகேஷன்.வாடல் என்ற முகவரியில் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தது. நிறுத்தச் சொல்லி ஒரு புரொப்பர்ட்டி போட்டால்தான் நிற்கும், யாரும் போடவில்லை. எங்களிடம் இல்லாத பட்டியல் வருடக்கணக்காக வாசலில் ஒட்டியிருந்திருக்கிறது. கேர்ல் பண்ணிப் பார்த்ததும் தம்பி சிரித்துவிட்டான், எனக்குச் சிரிப்பு வரக் கொஞ்சம் நேரம் எடுத்தது.

இப்போது எப்படி ஓடுகிறது

ஷீட் இல்லை. ரிப்போவில் ஒரு டெக்ஸ்ட் கோப்பு இருக்கிறது, அகரவரிசையில், ஒரு வரிக்கு ஒரு எண்ட்பொயின்ட்: மெதட், பாதை, கிளாஸ். மெதட் சொல்லப்படாத இடத்தில் வெறுமை விடாமல் "எல்லாம்" என்று எழுதும். பில்ட் ஓடும்போது ஒரு டெஸ்ட், செயலியை முழுதாக எழுப்பி, மூன்று இடங்களிலும் கேட்டு, வருவதை இந்தக் கோப்போடு ஒப்பிடும். ஒரு வரி கூடினாலும் குறைந்தாலும் பில்ட் சிவப்பு. புதிய பாதை போடுகிறவர் கோப்பிலும் வரி சேர்த்தாக வேண்டும், ரிவியூ செய்கிறவர் கண்ணில் அது பச்சையாகப் படும்.

டெஸ்ட்டில் இரண்டு விடயம் கவனிக்க வேண்டியிருந்தது. டேட்டாபேஸ் முகவரியை மட்டும் மாற்றிவிட்டு, மற்றபடி புரொடக்ஷன் புரொஃபைலிலேயே எழுப்புகிறோம், இல்லாவிட்டால் சீட்டேட்டா மாதிரியான ஒன்று மறுபடி தப்பிவிடும். ஸ்பிரிங்பூட்டெஸ்ட்டின் இயல்பு முறையில் உண்மையான டொம்கெட் எழும்பாது, போலி சேவ்லெட்கொன்டெக்ஸ்ட்தான் கிடைக்கும், அதனிடம் சேவ்லெட் பட்டியலைக் கேட்டால் காலியாகத் தரும். ரேண்டம்போர்ட் போட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

பாவிக்கப்படாத பாதைகளை அழிக்கலாம் என்று தம்பிக்கு ஆசை. அளவீடுகளைச் சேகரிக்கிற மைக்ரோமீட்டரின் கோரிக்கைக் கணக்கில் யூஆர்எல்லுக்குப் பதிலாகப் பாதையின் வடிவமே டேக்காக வரும், அதைக் கோப்போடு ஒப்பிட்டு இரண்டு கிழமை தட்டப்படாத 11 வரிகளைக் கொண்டுவந்தான். அக்கா ஐந்தை அந்த இடத்திலேயே திரும்ப வைத்தார். விசேட பஸ் விடுகிற பாதைகள் அவை. நல்லூர்த் திருவிழாவுக்கும் சித்திரை வருடப் பிறப்புக்கும் மட்டும் உயிர் வரும், அன்றைக்கு இல்லாவிட்டால் கவுண்டரில் அடிதடி. ஆறு வரிகளை அழித்தோம்.

ஃபில்டர்கள் பிடிக்கிற லொகின், லொகவுட் இரண்டையும் கோப்பின் தலையில் கையால் எழுதி வைத்திருக்கிறோம், டெஸ்ட் அவற்றைத் தொடாது. லொகேட்டரின் பின்னால் இருப்பதும் கையால் எழுதியதுதான். அதை அழித்துவிட்டு ஸ்பிரிங்கில் திருப்பி எழுதலாம் என்று நான் போகும் கிழமையில் கேட்டேன். வவுனியா கவுண்டரில் டிக்கெட் அச்சடிக்கிற பழைய கம்பியூட்டர் ஒன்று இன்னும் அந்தப் பாதையைத்தான் கூப்பிடுகிறதாம், அதற்கு மென்பொருள் எழுதியவரும் இப்போது மெல்பேர்னில்.